போன்ல பளபள, பேப்பர்ல மந்தம் - கலர் ஏன் மாறுது?



நான் படிக்கிறது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கையில்தான் உருவாகும். ஆக, பகலில் எல்.இ.டி.யோடு சகவாசம், ராத்திரியில் மையோடு சகவாசம். இரண்டையும் பார்க்கிறவன் என்பதால் இந்த மலரில் ஒரு விஷயத்தை விளக்கலாம் என்று தோன்றியது.

"தம்பி, போன்ல பளிச்சுன்னு இருந்துச்சே, பேப்பர்ல ஏன் செத்துப் போச்சு?" கடையில் வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். கேள்வியோடு நின்றால் பரவாயில்லை. பல நேரம் அது பணத்தகராறில் போய் முடிகிறது.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன் உட்படப் பல ஊர் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் எங்கள் பக்கத்துப் பையன்கள் சாமியை வரவேற்று ஆயிரம் போஸ்டர் போட்டார்கள். முருகனுக்குப் பின்னால் தோகை விரித்த மயில். டிசைனை அவர்களே போனில் செய்துவிட்டார்கள். கழுத்து மின்னல் நீலம், தோகை பச்சைக்கிளிப் பச்சை. அச்சாகி வந்தபோது கழுத்து கத்தரிப்பூ கலருக்குப் போயிருந்தது. தோகை காய்ந்த முருங்கைக்கீரை மாதிரி இருந்தது. "மை கலப்படம், மிஷின் சரியில்லை" என்று சண்டை. கடைசியில் அச்சகக்காரர் பாதிப் பணத்தைத் தள்ளிக்கொடுத்தார். அங்கே மிஷின் ஓட்டும் அண்ணனுக்கு அந்த வாரக் கூலியில் ஒரு பங்கு பிடித்தம். அந்த அண்ணன் மேல் ஒரு தப்பும் கிடையாது. மிஷின் சரியாகத்தான் ஓடியது, மையும் நல்ல மைதான். பிறகு தப்பு எங்கே? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

திரையின் கணக்கு: கூட்டல்

உங்கள் போன் திரை மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, சொட்டுக்குள் உற்றுப் பாருங்கள். சொட்டு லென்ஸ் மாதிரி வேலை செய்யும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் வெள்ளையே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடி விளக்குகள்தான் தெரியும்.

இந்த மூன்று விளக்குகள் சேர்ந்ததுதான் ஒரு பிக்சல். மூன்றும் முழுசாக எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் என்ன வரும்? மஞ்சள்! சாந்தும் சாயமும் குழைத்துப் பழகின நம்ம மூளை இதை நம்ப மறுக்கும். ஆனால் உங்கள் திரையில் மஞ்சள் விளக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. திரையில் நீங்கள் இதுவரை பார்த்த மஞ்சள் எல்லாம் சிவப்பும் பச்சையும் சேர்ந்து போட்ட வேஷம்.

ஏன் இந்த வேஷம் பலிக்கிறது? காரணம் நம்ம கண். கண்ணின் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஒன்று நீள அலைக்கு, ஒன்று நடு அலைக்கு, ஒன்று குறும் அலைக்கு அதிகமாகத் தூண்டப்படும். மூன்றும் எந்த விகிதத்தில் தூண்டப்படுகின்றன என்பதைத்தான் மூளை 'நிறம்' என்று படிக்கிறது. விகிதத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதும், மூளை ஏமாந்துவிடும். இதை 1861-லேயே லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நடத்திக் காட்டினார். ஒரு வண்ண ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று தடவை படம் எடுக்கவைத்து, மூன்று விளக்குகளால் ஒரே இடத்தில் விழச் செய்தார். ரிப்பன் கலரில் தெரிந்தது. எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களே, நாம் சமன்பாடுகளில் படிக்கிற அதே மேக்ஸ்வெல்தான்!

ஒவ்வொரு விளக்கின் பிரகாசத்தையும் 0 முதல் 255 வரை 256 படிகளாக வைப்பது வழக்கம். அப்படியானால் மொத்தம் 256 x 256 x 256, அதாவது 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 சேர்க்கைகள். இதற்கு ஆர்.ஜி.பி. முறை என்று பெயர். இருட்டில் தொடங்கி வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவது இதன் சுபாவம்.

தாளின் கணக்கு: கழித்தல்

தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. கரண்ட் போனாலும் போன் எரியும், போஸ்டர் எரியாது. மேலே விழுகிற வெயிலையோ டியூப்லைட்டையோ கடன் வாங்கித் திருப்பி அனுப்புவதுதான் தாளின் வேலை. வெள்ளைத் தாள் என்றால் வந்த ஒளியை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தருகிறது என்று அர்த்தம். அதன் மேல் மை தடவினால், மை ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடும்.

அச்சில் மூன்று மைகள் இந்த வேலையைப் பிரித்துக்கொள்கின்றன:

சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்) சிவப்பு ஒளியைத் தின்னும்.
மெஜந்தா (அரளிப்பூ ரோஸ்) பச்சை ஒளியைத் தின்னும்.
மஞ்சள் நீல ஒளியைத் தின்னும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சயான் மேல் மஞ்சள் விழுந்தால் சிவப்பும் போச்சு, நீலமும் போச்சு. மிச்சம் பச்சை. மெஜந்தா மேல் மஞ்சள் விழுந்தால் பச்சையும் நீலமும் போய்ச் சிவப்பு மிஞ்சும். சயானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். திரை வெளிச்சத்தைக் கூட்டுகிறது. மை வெளிச்சத்தைக் கழிக்கிறது. மை சேரச் சேர இருட்டுதான் கூடும். இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

"சின்ன வயசுல டிராயிங் சார் சிவப்பு, மஞ்சள், நீலம்தானே முதன்மை நிறம்னு சொன்னாரு?" என்று கேட்பீர்கள். அவர் சொன்னதும் கழித்தல் கணக்குதான். அவருடைய சிவப்பைக் கொஞ்சம் ரோஸ் பக்கமும், நீலத்தைக் கொஞ்சம் பச்சைப் பக்கமும் தள்ளினால் மெஜந்தாவும் சயானும் வந்துவிடும். 1700-களின் தொடக்கத்தில் லெ ப்ளோன் என்ற அச்சுக் கலைஞர் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு வண்ணப்படம் செய்தார். அதற்கு 1719-ல் இங்கிலாந்தில் காப்புரிமையும் வாங்கினார். இன்றைய ஆஃப்செட் மிஷினுக்கு அவர் கொள்ளுத்தாத்தா முறை.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை

இந்தக் கழித்தல் கணக்கு புதுச்சேரிக்கு மிகப் பழையது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து கப்பல் ஏறிய சரக்குகளில் பேர்போனது அவுரி நீலச்சாயம் ஏற்றிய 'கினே' துணி. அது ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போய், அங்கே கோந்து வியாபாரத்தில் காசு மாதிரியே கைமாறியது. அந்தக் காலத்துச் சாயக்காரரிடம் பச்சைக்கென்று நல்ல தனிச்சாயம் கிடையாது. நீலச்சாயமும் மஞ்சள் சாயமும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித்தான் பச்சை எடுத்தார்கள். நீலம் சிவப்பைத் தின்றது, மஞ்சள் நீலத்தைத் தின்றது, பச்சை மிஞ்சியது. சூத்திரம் எழுதி வைக்கவில்லையே தவிர, கைக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

நாலாவதாகக் கறுப்பு எதற்கு?

மூன்று மையும் சேர்ந்தால் எல்லா ஒளியும் தின்னப்பட்டுக் கறுப்பு வரவேண்டும். ஏட்டில் வரும், மிஷினில் வராது. எந்த மையும் அவ்வளவு சுத்தம் கிடையாது. சயான் சிவப்பை மட்டும் தின்ன வேண்டும். ஆனால் கூடவே பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கடித்துவிடும். மெஜந்தாவும் பச்சையோடு நீலத்தையும் கொஞ்சம் தின்னும். இந்தத் திருட்டுத் தீனியால் மூன்றும் சேர்ந்தால் வருவது சேற்று மாநிறம்.

அதனால் கறுப்பைத் தனி மையாகச் சேர்த்தார்கள். இதில் இன்னும் மூன்று லாபம். ஒன்று, மூன்று மை செலவுக்குப் பதில் ஒரு மை. இரண்டு, மை குறைந்தால் தாள் சீக்கிரம் காயும். மூன்று, எழுத்து கூர்மையாக விழும். எட்டு பாயிண்ட் எழுத்தை நாலு மையில் அச்சிட்டுப் பாருங்கள். ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி ரோஸ் நிழல் அடிக்கும். சினிமா விளம்பரத்தில் கதாநாயகியின் உதடு ஓரிடத்தில், உதட்டுச்சாயம் ஓரிடத்தில் இருக்குமே, அதுதான். 'ரெஜிஸ்டர் அவுட்' என்று பிரஸ்ஸில் சொல்வார்கள்.

இந்த நாலு மை முறைக்குத்தான் சி.எம்.ஒய்.கே. என்று பெயர். கடைசி எழுத்தான 'கே', மற்ற பிளேட்டுகளை ஒத்து வைக்க ஆதாரமாக இருந்த 'கீ' பிளேட்டைக் குறிக்கிறது. கலர் பக்கம் போடும் நாளிதழ்களின் ஓரத்தில் பொட்டு மாதிரி நாலு புள்ளிகள் இருந்தால் கவனியுங்கள். அந்த நாலு மைதான் அங்கே ஆஜர் கொடுக்கிறது.

புள்ளி போட்டு ஏமாற்றும் வித்தை

திரை விளக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். பிரஸ்ஸில் அது நடக்காது. பிளேட்டில் ஓர் இடத்தில் மை ஒட்டும் அல்லது ஒட்டாது. 'பாதி மை' என்று ஒன்று இல்லை. அப்படியானால் இளம் ரோஸ் எப்படி வருகிறது? மெஜந்தாவைச் சின்னச் சின்னப் புள்ளியாகப் போட்டு, நடுவில் வெள்ளைத் தாளை விட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கண் இரண்டையும் கலந்து ரோஸ் என்று படிக்கிறது. புள்ளி பெருத்தால் நிறம் அடர்த்தி, சிறுத்தால் வெளிறல். ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் வைப்பது சகஜம். நாளிதழ்த் தாளில் 100 வரிசை வாக்கில்தான் வைப்பார்கள்.

நாலு மையின் புள்ளி வரிசைகளும் ஒரே கோணத்தில் இருந்தால், இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அலையலையாகத் தெரியுமே, அந்த மாதிரிக் கோலம் விழுந்துவிடும். அதனால் கறுப்பு 45 பாகை, மெஜந்தா 75, சயான் 15, கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காத மஞ்சள் 0 என்று கோணம் மாற்றி வைப்பது ஒரு வழக்கம். பிரஸ்ஸில் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் கிடைத்தால் கலரில் அச்சான எந்த அட்டையையும் பாருங்கள். குட்டிக் குட்டி ரோஜாப்பூ மாதிரி வட்டங்கள் தெரியும்.

எது போகும், எது போகாது?

இப்போது மயிலுக்கு வருவோம். திரை வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்குள் அனுப்புகிறது. மையோ கடன் வாங்கிய வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தருகிறது. ஆகவே திரையில் வரும் சில நிறங்களுக்குத் தாளில் இடமே கிடையாது. ஒவ்வொரு முறைக்கும் எட்டக்கூடிய நிறங்களுக்கு ஓர் எல்லை உண்டு. கடலோரத்தில் இரண்டு வலையை விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். சில ஓரங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் மாட்டுகிற நிறங்கள்தான் வம்பு.

திரையின் பளீர்ப் பச்சை, மின்னல் நீலம், சுடர்விடும் ஆரஞ்சு இவை தாளின் எல்லைக்கு வெளியே. கம்ப்யூட்டர் அவற்றை எல்லைக்குள் இருக்கும் பக்கத்து நிறத்துக்கு இழுத்துப் போடும். நீலம் கத்தரிப்பூவாவதற்கும் காரணம், மேலே சொன்ன திருட்டுத் தீனிதான். சயானும் மெஜந்தாவும் நூற்றுக்கு நூறு போட்டால் ஊதாதான் வரும். நீலம் நீலமாக நிற்க வேண்டுமென்றால் மெஜந்தாவைச் சயானைவிட 30 சதவீதமாவது குறைத்து வைக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: சுத்தமான சயான் மை தரும் நிறம் பல சாதாரணத் திரைகளில் முழுசாக வராது. ஆகவே தாளும் சில இடத்தில் ஜெயிக்கும்.

சரி, நிஜ மயிலின் நீலம்? அது சாயமே இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி மோதித் திரும்பும்போது பிறக்கும் நிறம். அதனால்தான் மயில் அசைந்தால் நிறமும் அசைகிறது. நாலு மையை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்கச் சொன்னால் எந்தப் பிரஸ்காரர் என்ன செய்வார், பாவம்!

நாலு மை போதாதபோது ஐந்தாவது மையைக் கூப்பிடுவது தொழிலின் பழைய வழி. 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தில் சாமி படங்கள் கல்லச்சில், நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் அச்சாகின. சிவகாசியிலும் தீப்பெட்டி லேபிள்களுக்கு வேண்டிய நிறத்தை மையாகவே குழைத்து அடித்தார்கள். கோவில்பட்டி சி. கொண்டையா ராஜுவின் தெய்வப் படங்கள் காலண்டர்களாக வீடுவீடாகப் போனதும் அந்தச் சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான். இன்றும் கல்யாணப் பத்திரிகையில் தங்கக் கலர் வேண்டுமென்றால் நாலு மையில் கிடைக்காது. நாலு மையில் வருவது வெறும் கடுகு மஞ்சள். உலோகத்தூள் கலந்த மையோ, சூடேற்றி ஒட்டும் ஃபாயிலோதான் வழி.

எண்ணால் பேசுவோம்

"கிளிப்பச்சை" என்று நீங்கள் சொல்வதும் நான் நினைப்பதும் ஒன்றா? இந்தச் சிக்கலைத் தீர்க்க 1931-ல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் கண் பார்க்கும் நிறங்களை எண்களாக எழுத ஒரு முறை வகுத்தது. சி.ஐ.இ. என்ற அதன் சுருக்கப் பெயரே பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததுதான். நம் தேசியக் கொடிக்கான இந்தியத் தரநிர்ணயம் 1951-ல் வெளிவந்து 1968-ல் திருத்தப்பட்டது. அதிலே காவியும் பச்சையும் கடல்நீலமும் வெறும் பெயர்களாக நிற்கவில்லை; இந்த எண்களால் சொல்லப்பட்டிருக்கின்றன. திரைகளுக்கும் 1996-ல் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது அளவு வந்தது. அதே வருஷம் ஆஃப்செட் அச்சுக்கும் சர்வதேசத் தரம் வந்தது.

எண் மட்டும் போதுமா? பட்டுப்புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கிறார்கள். அச்சகத்திலும் அதேதான். கடன் வாங்கின வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். அதனால்தான் நல்ல அச்சகங்களில் 5000 கெல்வின் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். நம் அம்மாக்கள் கெல்வின் படிக்காமலேயே அதைச் செய்கிறார்கள்!

நாம் செய்ய வேண்டியவை

நாளைக்கு நம்மில் பலர் சொந்தமாக டி.டி.பி. கடை வைக்கலாம், பிரஸ்ஸில் சூப்பர்வைசர் ஆகலாம், இல்லை யூனியனுக்கு ஒரு பேனர் அடிக்கலாம். எல்லோருக்கும் உதவும் சில குறிப்புகள்:

1. டிசைன் முடிந்ததும் சி.எம்.ஒய்.கே. முன்னோட்டத்தில் ஒரு தடவை பாருங்கள். செத்துப் போகிற கலர் அங்கேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் மாற்றுவதற்குக் காசு இல்லை.

2. திரையின் பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு கலர் தேர்வு செய்யாதீர்கள். அந்தப் பிரகாசம் தாளுக்குக் கிடையாது.

3. சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும்.

4. தாளைக் கேளுங்கள். ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். மேப்லித்தோவில் உறிஞ்சிப் புள்ளி பெருக்கும், நிறம் அழுத்தமாகவும் மங்கலாகவும் விழும். நாலு மையின் மொத்தம் ஆர்ட் பேப்பரில் 300 சதவீதம் வாக்கில், நாளிதழ்த் தாளில் 240 வாக்கில் நின்றால்தான் காயும்.

5. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சம்மதம் வாங்க ஆகாது. தாளில் ஒரு புரூஃப் எடுத்து, வாடிக்கையாளரிடம் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். ஒரு புரூஃப் தாளின் விலை சில ரூபாய். அது இல்லாததால் ஒரு தொழிலாளியின் கூலி போனதை நான் பார்த்தேன். வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. அவர் போனில் அந்த நிறத்தை நிஜமாகவே பார்த்தார். மிஷின்காரரும் ஏமாற்றவில்லை, மையால் முடிந்ததை முழுசாகக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, கூட்டல் கணக்கையும் கழித்தல் கணக்கையும் தெரிந்துகொண்டு, "அண்ணே, இந்தக் கலர் தாள்ல வராது, இதுக்குப் பதிலா இதைப் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் வேண்டும். டிப்ளமோ படிக்கிற நாம் அந்த ஆளாக இருக்கலாம், நண்பர்களே.

- இறுதியாண்டு மாணவன், குருசுக்குப்பம்